என்னை ‘வாத்து’ என்று அழைத்த ஊர்

“ஒரு பேகன் கோப், பிரவுன் சாஸ் ஊற்றி. நன்றி, டக்!”

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், சிறிய சாண்ட்விச் கடை ஒன்றில் நான் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை அது. முதியவர் ஒருவர் சொன்ன அந்த வரியில் இரண்டு சொற்கள் என்னைத் தடுக்கி விழ வைத்தன. ‘கோப்’ என்றால் எனக்குத் தெரிந்தது சோளக்கதிர் மட்டுமே. “இங்கே சோளம் விற்பதில்லை, ஐயா” என்று பணிவாகச் சொன்னேன். வரிசையில் நின்ற இருவர் சிரித்துவிட்டனர். அதைவிட ‘டக்’ என்ற சொல்தான் சுட்டது. டக் என்றால் வாத்து. நம் பள்ளிகளில் ஒருவரை ‘வாத்து’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

எஸ்பிஎம் ஆங்கிலத்தில் ‘ஏ’ எடுத்தவள் நான். விமானம் ஏறியபோது, மொழி எனக்கு ஒரு சிக்கலே இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால், வந்த ஒரு மாதத்திலேயே விரிவுரையாளர் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது கடையிலும் அவமானம். பின்கட்டில் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வரப்போவதில்லை என்று முடிவு செய்தேன். அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் படிக்கிறேன், கைச்செலவுக்கு இந்த வேலை வேண்டும் என்பது தெரிந்தும்தான்.

அவருக்கு டக், எனக்கு ஆன்ட்டி

என்னுடன் வேலை செய்த, அறுபது வயதை நெருங்கிய பெண்மணி அதைக் கவனித்துவிட்டார்.

“அவர் உன்னைத் திட்டவில்லை. தன் பேத்தியையும் அப்படித்தான் கூப்பிடுவார். பேருந்து ஓட்டுநரையும் அப்படித்தான் கூப்பிடுவார்” என்றவர், “நானும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் நாளிலிருந்து என்னை ஏன் ‘ஆன்ட்டி’ என்கிறாய்? நான் உன் சொந்தக்காரி இல்லையே?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு அம்மா, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரேங் விற்பவர், பேருந்தில் இடம் விட்டுக்கொடுப்பவர் என எல்லாருமே நமக்கு ஆன்ட்டிதான், பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை என்று விளக்கினேன். அவர் சிரித்தார். “அப்படியென்றால் எங்கள் டக்கும் அதுதான்.”

நாட்டிங்ஹாம், டார்பி, ஸ்டோக் பகுதிகளில் ‘டக்’ என்பது அன்பு விளி. ஆண், பெண் வேறுபாடு இல்லை. வடகிழக்கே நியூகாசலுக்குப் போனால் ‘பெட்’ என்பார்கள். யார்க்‌ஷரில் ‘லவ்’. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’, அதாவது பெட்டைக்கோழி என்பார்கள். நம் நாட்டில் மூவினத்தாரும் ‘மாச்சா’ என்று அழைத்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும்.

ஒரு ரொட்டிக்கு எத்தனை பெயர்!

‘கோப்’ என்பது சிறிய உருண்டை ரொட்டி. இதே ரொட்டி மான்செஸ்டரில் ‘பார்ம்’, கோவென்ட்ரியில் ‘பேட்ச்’, யார்க்‌ஷரின் பல ஊர்களில் ‘பிரெட்கேக்’. எது சரியான பெயர் என்று ஆங்கிலேயர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இதை அறிந்தபோது என் பயம் பாதி குறைந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, அந்த ஊரைத்தான் தெரியவில்லை.

உணவின் பெயர் மனிதர்களுக்கு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ‘லாப்ஸ்கவுஸ்’ என்பது மாலுமிகள் உண்ட இறைச்சிக் குழம்பு. துறைமுக நகரான லிவர்பூலில் அது ‘ஸ்கவுஸ்’ ஆயிற்று. பிறகு அந்த ஊர்க்காரர்களே ‘ஸ்கவுசர்’ ஆகிவிட்டார்கள்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் எதுகைக் கொச்சை என்று ஒரு வகை உண்டு. அங்கே ‘ரூபி’ சாப்பிடப் போகிறேன் என்றால் கறி சாப்பிடப் போகிறேன் என்று பொருள். 1950களில் புகழ்பெற்றிருந்த பெல்ஃபாஸ்ட் பாடகி ரூபி மரியின் பெயர் ‘கறி’யோடு எதுகையாக ஒலிப்பதே காரணம். அந்தக் ‘கறி’ நம் தமிழ்ச் சொல். ‘மல்லிகட்டானி’ என்ற சூப்பின் பெயர் நம் மிளகுத்தண்ணீர். அந்த முதியவர் கேட்ட பிரவுன் சாஸிலும் ஒரு வியப்பு காத்திருந்தது. எச்பி சாஸ் என்ற பெயரை 1895ல் பதிவு செய்தவர் நாட்டிங்ஹாம் மளிகைக்காரர் ஃபிரெட்ரிக் கார்ட்டன். புட்டியின் பின்புறம் படித்தேன். அதில் புளி இருக்கிறது!

‘டீ’க்கு வா என்றால்…

நவம்பரில் அந்தப் பெண்மணி, “ஞாயிறு ஐந்து மணிக்கு வீட்டுக்கு டீ சாப்பிட வா” என்றார். மாட்டிறைச்சி உண்பாயா என்றும் கேட்டார். தேநீருக்கு எதற்கு மாட்டிறைச்சி என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மூன்று மணிக்கே வயிறு முட்டச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஒரு பிஸ்கட் பொட்டலத்துடன் போனேன். மேசையில் எனக்காகவே செய்த கோழி பை, உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி! இங்கிலாந்தின் வடக்கிலும் மத்தியப் பகுதியிலும் பலருக்கு ‘டீ’ என்றால் மாலை உணவு. ‘டின்னர்’ என்பது மதிய உணவு. உண்மையைச் சொல்லிவிட்டு, முடிந்த அளவு சாப்பிட்டேன். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அன்று அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தகரப்பெட்டியில் கொண்டுபோகும் உணவை ‘ஸ்னாப்’ என்பாராம். “பள்ளியில் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை” என்றார்.

எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் தூக்குச்சட்டியோடு கிளம்பியவர். தொலைபேசியில் அவர் கேட்கும் முதல் கேள்வி, “பசியாறிட்டியா, தாயி?” என்பதுதான். சென்னையிலிருந்து வந்த தோழி ஒருத்தி அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்ததிலிருந்து, மற்றவர் முன்னால் ‘பசியாறு’ என்று சொல்வதையே நிறுத்தியிருந்தேன். பாட்டியிடமும் மெதுவான குரலில்தான் பதில் சொல்வேன்.

வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு

என் அனுபவத்தில் சில குறிப்புகள். புரியாத சொல்லை அங்கேயே கேளுங்கள். ஊர்ச்சொல்லை விளக்குவதில் பலருக்கும் மகிழ்ச்சிதான். “யூ ஆல்ரைட்?” என்றால் உங்கள் உடல்நிலையை விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார்கள். ‘சிப்ஸ்’ என்றால் சூடான உருளைக்கிழங்கு வறுவல். பொட்டலத்தில் வருவது ‘கிரிஸ்ப்ஸ்’. ‘பேன்ட்ஸ்’ என்றால் உள்ளாடை, ஆகவே கடையில் கவனம் தேவை! கொச்சைச் சொற்களை இடுபணியில் எழுதாதீர்கள். யாராவது உணவுக்கு அழைத்தால், என்ன வேளை உணவு என்று கேட்டுவிடுங்கள்.

அந்த வேலையை நான் விடவில்லை. மறுவாரம் அதே முதியவர் வந்தார். “பேகன் கோப்தானே, டக்?” என்று நானே கேட்டேன். விரிவுரையிலும் மெல்ல மெல்லக் கை உயர்த்தத் தொடங்கினேன்.

இன்னொன்றும் மாறியது. இப்போது பாட்டி அழைத்தால், அறையில் யார் இருந்தாலும் உரத்த குரலில் சொல்கிறேன்: “பசியாறிட்டேன் பாட்டி. நீங்க பசியாறிட்டீங்களா?”