பேரிங் ஏன் திரும்பத் திரும்பக் கெடுகிறது?

ஏரலைத் தொட்டுக்கொண்டு ஓடும் தாமிரபரணி, ஆத்தூர், முக்காணி வழியாகச் சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. இந்தக் கரையிலிருந்து முத்துக்குளிக்கச் சென்ற அந்நாளைய படகுகளுக்குப் பாயும் துடுப்பும் போதுமாக இருந்தன. இன்று தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்கச் செல்லும் விசைப்படகுக்கு டீசல் என்ஜின் வேண்டும். என்ஜினின் சுழற்சியைப் படகின் பின்புறம் நீருக்குள் இருக்கும் உந்துவிசிறிக்குக் கொண்டுசெல்ல நீண்ட எஃகுத் தண்டு வேண்டும். அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிக்கப் பேரிங் வேண்டும்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பேரிங் நடுக்கடலில் இறுகிவிட்டால் என்ன ஆகும்? என்ஜின் நன்றாக இருந்தும் படகு நகராது. காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் அது மிதந்து செல்லும். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1976ஆம் ஆண்டு உடன்பாட்டினால் வகுக்கப்பட்டது. நீரின்மேல் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. கிழக்கே தள்ளப்படும் படகிலுள்ளவர்கள் அதைத் தாண்டிவிட நேரலாம். ஆகவே, பேரிங் கெடுவதை வெறும் பணச் செலவு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

ஒரு படகில் பேரிங் கெடுகிறது, புதியது மாட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் கெடுகிறது. வேறு கம்பெனிப் பேரிங் வாங்குகிறார்கள், கிரீஸை மாற்றுகிறார்கள். மூன்றாவதும் கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சரக்குக் குறைவாக இருக்க முடியுமா? குற்றம் வேறெங்கோ இருக்கிறது. பேரிங் அதற்குப் பலியாகிறது என்றுதான் நாம் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுமையும் ஆயுளும்

குண்டு பேரிங்கில் இரண்டு எஃகு வளையங்கள் உண்டு. உள்வளையம் தண்டோடு சேர்ந்து சுழலும். வெளிவளையம் படகோடு பொருத்திய கூட்டுக்குள் அசையாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும். ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது வளையத்தின் பரப்பு சிறிதளவு அமுங்கி மீள்கிறது. கோடிக்கணக்கான முறை இப்படி அமுங்கினால் உலோகம் களைத்துப் போய்ச் செதில் செதிலாகப் பெயர்கிறது.

பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் விதி. சுமை 2 மடங்கானால் ஆயுள் 8இல் ஒரு பங்காகும். 3 மடங்கானால் 27இல் ஒரு பங்காகும். 600 நாள் உழைக்க வேண்டிய பேரிங், இரட்டிப்புச் சுமையில் 75 நாளில் முடிந்துவிடும். மும்மடங்குச் சுமையில் 22 நாள்தான். நம் படகின் பேரிங் இரண்டு மாதத்தில் போகிறது என்றால், யாரும் கணக்கில் எடுக்காத சுமை ஒன்று அதன்மேல் ஏறியிருக்கிறது என்று பொருள்.

சுழலும் விசை

அந்தச் சுமை எங்கிருந்து வரலாம்? முதலில் உந்துவிசிறியைப் பார்ப்போம். அதன் ஓர் இதழ் பாறையில் மோதி, மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில் 100 கிராம் உலோகம் உடைந்து போயிற்று என்க. தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழல்கிறது. மையவிலக்கு விசை என்பது நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கல் அல்லவா? கணக்கிட்டால் சுமார் 220 நியூட்டன் வரும். அதாவது 22 கிலோ எடையுள்ள மூட்டை ஒன்று தண்டோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி அதை இழுப்பது போலாகும்! வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். விசிறியில் சிக்கிக்கொண்ட வலைக்கயிறும், வளைந்துபோன தண்டும் இதே தொல்லையைத் தரும்.

நிலையான விசை

இரண்டாவது காரணம், தண்டுவரிசை நேர்க்கோட்டில் இல்லாமை. கியர்பெட்டி, நடுப் பேரிங், பின்புறக் குழாய் ஆகிய மூன்றின் மையங்களும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். நடுப் பேரிங் சற்றே தாழ்ந்திருந்தால்கூட அது தண்டைக் கீழ்நோக்கி வளைத்துப் பிடிக்கும். எஃகுத் தண்டு வளைய மறுத்துப் பேரிங்கை மேல்நோக்கி அழுத்தும். இந்த விசை சுழலாது. எப்போதும் ஒரே திசையில் நிற்கும்.

சுழலும் விசையா, நிலையான விசையா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். அந்த விடையைக் கெட்டுப்போன பேரிங்கே எழுதி வைத்திருக்கிறது!

தடயம் படிப்போம்

கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாமல், வெளிவளையத்தின் மேல்புறம் எது என்று அடையாளமிட்ட பிறகு பிரித்துப் பாருங்கள்.

விசை நிலையானதாக இருந்தால், அசையாத வெளிவளையத்தில் ஒரே இடத்தில்தான் தேய்மானம் இருக்கும். சுழலும் உள்வளையமோ தன் எல்லாப் பகுதிகளையும் அந்த இடத்துக்குக் கொண்டுவருவதால் சுற்றிலும் தேய்ந்திருக்கும்.

விசை தண்டோடு சேர்ந்து சுழல்வதாக இருந்தால் இது தலைகீழாகும். உள்வளையத்தின் ஒரே பகுதி எப்போதும் அடி வாங்கும். வெளிவளையம் சுற்றிலும் தேயும். அப்படியானால் விசிறியையும் தண்டையும் சோதிக்க வேண்டும்.

இப்போது ஒரு நுட்பம். வெளிவளையத்தில் ஒரே இடத்தில் தேய்மானம் இருக்கிறது. அந்த இடம் மேல்புறம் என்றால்? தண்டின் எடை கீழ்நோக்கித்தானே அழுத்த வேண்டும்? எடை ஒருநாளும் மேல்நோக்கி அழுத்தாது. ஆகவே, பேரிங் தாழ்ந்திருக்கிறது, தண்டுவரிசை நேராக இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

நிறமும் பேசும். எஃகு வைக்கோல் நிறமாகவோ நீலமாகவோ மாறியிருந்தால், மசகு இல்லாமல் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. நீலம் தோன்ற ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். செந்துரு படிந்திருந்தால் உப்புநீர் உள்ளே புகுந்திருக்கிறது. அப்போது முத்திரை வளையத்தைக் கவனிக்க வேண்டும்.

கரையில் நேர், கடலில் கோணல்

“தண்டை நேர் பார்த்துத்தானே பூட்டினோம்?” என்று மெக்கானிக் கேட்கலாம். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். எங்கே வைத்துப் பார்த்தார் என்பதுதான் கேள்வி.

நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது பெரும்பாலும் அப்போதுதான். கரையில் படகு சில கட்டைகளின்மேல் நிற்கிறது. முழு எடையும் அந்தச் சில இடங்களில் இறங்குகிறது. நீரில் இறக்கினால், ஆர்க்கிமிடீசின் மிதப்பு விசை அடிப்பகுதி முழுவதும் பரவித் தாங்குகிறது. அகன்ற நடுப்பகுதியில் அது மிகுதி. குறுகிய முனைகளில் குறைவு. தாங்கும் இடங்கள் மாறியதும் படகின் உடல் சிறிது வளைந்துகொடுக்கிறது. மரப்படகானால் நீர் குடித்து ஊதவும் செய்யும். பிறகு டீசலும் ஐஸும் ஏறும். கரையில் நேராக இருந்த தண்டுவரிசை கடலில் கோணலாகிவிட இவை போதும்.

ஆகவே, படகு சில நாள் மிதந்த பிறகு, வழக்கமான பாரத்தோடு, நீரில் வைத்தே இறுதிச் சோதனை செய்ய வேண்டும். கியர்பெட்டியையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு வட்டத் தட்டுகளின் இடைவெளியை மேல், கீழ், வலம், இடம் என நான்கு இடங்களில் ஃபீலர் கேஜால் அளப்பார்கள். 100 மி.மீ. விட்டமுள்ள தட்டுக்கு இந்த அளவுகளிடையே 0.1 மி.மீ.க்குமேல் வேறுபாடு இருக்கலாகாது என்பது வழக்கிலுள்ள விதி. அது ஏறத்தாழ உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளின் தடிமன்தான்!

பிறகு ஒரு தட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். அகன்ற இடைவெளி பழைய இடத்திலேயே நின்றால், வரிசை கோணல். என்ஜினின் காலடியில் தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்யலாம். இடைவெளி தட்டோடு சேர்ந்து நகர்ந்தால், அந்தத் தட்டோ அதன் தண்டோ கோணல். என்ஜினை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது. பேரிங்கில் படித்த அதே பாடம் இங்கும் வருகிறது, பார்த்தீர்களா? நிற்பது ஒரு வகைக் குற்றம்; உடன் சுழல்வது மற்றொரு வகை.

இது சிறிய படகுகளின் தொல்லை மட்டுமன்று. பிரிட்டனின் 65,000 டன் விமானந்தாங்கிக் கப்பலான ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, 2022 ஆகஸ்டில் போர்ட்ஸ்மத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. வைட் தீவின் அருகிலேயே வலப்புறத் தண்டின் கப்ளிங் பழுதாகிக் கப்பல் நின்றுவிட்டது. ஆராய்ந்ததில் தண்டின் நேர்மை பிசகியிருந்தது தெரியவந்தது.

செய்து பாருங்கள்

1. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் ஒரு கம்பியில், விளிம்பருகே, ஒரு போல்ட்டை இறுகக் கட்டுங்கள். பெடலை மெதுவாகவும் பிறகு சற்று வேகமாகவும் சுற்றுங்கள். சக்கரத்தில் கை படாமல், சட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் எப்படி மாறுகிறது?

2. சைக்கிள் கடையில் முன்சக்கரத்தின் தேய்ந்த கோன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அச்சோடு சேர்ந்து அசையாமல் இருப்பது கோன். சக்கரத்தோடு சுழல்வது கப். கோனில் குழி விழுந்திருப்பது ஒரு பக்கத்திலா, சுற்றிலுமா? அது ஏன் என்று எழுதி, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.