ஊசிக்குப் பின் கால் விழுந்தால் இழப்பீடு யார் தருவது?

தடுப்பூசிக்குப் பிறகு கை கால் விழுந்துபோனால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டுமாமே, கெடு முடிந்துவிட்டதா என்று கேட்டு காஞ்சிபுரம் வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். அந்தக் கெடு நுகர்வோர் ஆணையத்துக்கு உரியது. அதைவிடப் பெரிய தடை வேறு இருக்கிறது.

கோவிட் ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன பதில் இது: ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம்; இழப்பீடு வேண்டுமானால் கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் நீதிமன்றம் போகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கில்லன் பாரே நோயைப் பாருங்கள். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பைத் தாக்க, காலில் தொடங்கும் தளர்ச்சி மேலேறுகிறது. வயிற்றுப்போக்கு, காய்ச்சலுக்குப் பிறகே இது பெரும்பாலும் வருகிறது. ஊசியால் வருவது மிக அரிது. ஆனாலும் வரக்கூடியது என்று கோவிஷீல்டின் மூலமான அஸ்ட்ராஜெனெகா ஊசியின் பக்கவிளைவுப் பட்டியலில் ஐரோப்பிய மருந்து முகமை 2021 செப்டம்பரில் இதைச் சேர்த்தது. அப்படி ஒருவருக்கு வந்தால், மருந்து தரமானதாகவே இருந்திருக்கும், செவிலியரும் சரியாகவே போட்டிருப்பார். பிறகு யாருடைய கவனக்குறைவை நிரூபிப்பது? தவறே நடக்காத இடத்தில் தவறைக் காட்டச் சொல்வது, குழித்தறியில் மிதி மிதிக்க முடியாமல் போன நெசவாளியை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதுதான்.

அமெரிக்கா 1986-லேயே இந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டம் போட்டது. தடுப்பூசி மீதான வரியில் ஒரு நிதி. ஃப்ளூ ஊசி போட்ட 3 முதல் 42 நாளுக்குள் கில்லன் பாரே வந்தால், ஊசியே காரணம் என்று 2017 முதல் அங்கே சட்டமே எடுத்துக்கொள்கிறது. வேறு காரணம் உண்டென்றால் அரசு காட்ட வேண்டும். யார் தவறு என்ற கேள்வியே எழுவதில்லை. ஊருக்காக எல்லோரையும் ஊசி போடச் சொல்லும் அரசு, அதில் விழும் ஒருவரைத் தாங்க வேண்டாமா?

இனி நம் ஊர்க் கேள்விகள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட்டவர்? எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டவர்? அந்த இரண்டு ஆண்டுக் கெடு இவருக்குத்தான்; தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம்.

ஊசியே நரம்பில் குத்தியிருந்தால்? அது கவனக்குறைவு வழக்கு. போட்ட இடம், வலி தொடங்கிய நேரம், நரம்புப் பரிசோதனை அறிக்கை மூன்றும் தேவை.

வக்கீல் செலவு? பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.