நாயிடம் சொன்ன இரகசியம்

நாய்க் கதை என்றாலே 'நன்றியுள்ள பிராணி' என்று கரும்பலகையில் எழுதி முடித்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய பயன் அக்கதைகளில் உண்டு.

அமெரிக்க எழுத்தாளர் கேட் டிகமில்லோவின் 'பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி' 2000இல் வெளிவந்த சிறுவர் நாவல். சிறுமி ஓபலுக்குப் பத்து வயது. மூன்று வயதிலேயே அம்மா பிரிந்து போய்விட்டார். புதிதாகக் குடியேறிய ஊரில் தோழிகளும் இல்லை. பல்பொருள் அங்காடியில் கண்ட நாய்க்கு அக்கடையின் பெயரையே சூட்டி வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அம்மா இல்லாத ஏக்கத்தை முதலில் அதனிடம்தான் சொல்கிறாள். பிறகு துணிந்து, அம்மாவைப் பற்றிப் பத்துச் செய்திகள் சொல்லும்படி அப்பாவிடம் கேட்கிறாள்.

ஆறாம் வகுப்பில் இக்கதையைத் தமிழில் சொன்னேன். "ஓபல் ஏன் நாயிடம் சொன்னாள்?" என்று மட்டும் கேட்டேன். பாட்டி வீட்டில் வளரும் மாணவி ஒருத்தி மெதுவாக, "நாய் யாருகிட்டயும் சொல்லாது டீச்சர்" என்றாள்.

நாய் குறுக்கே பேசாது, அறிவுரையும் சொல்லாது. ஓபலைப் பற்றிப் பேசும்போது குழந்தை தன்னைப் பற்றியும் பேசிவிடுகிறது. ஆகவே, கதை முடிந்ததும் நீதி கேட்க வேண்டாம். இப்படி ஒரு கேள்வி கேட்டுக் காத்திருப்போம். வரும் பதிலை வகுப்பின் முன் துருவாமல், பிறகு தனியே அருகில் அமர்ந்து கேட்போம்.