தாய் அடைகாக்காத முட்டை

புசல்லாவைத் தோட்டமொன்றின் லயத்திலே, 1970களின் பிற்பகுதியில், அப்பாயிக்குக் கடிதம் வாசித்துக்காட்டும் பணி சிறுவனாகிய எனக்கே வாய்த்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கைப்படி கப்பலேறிய பெரியப்பா, நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில், இறப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டிருந்தார். "இங்கே ஒரு காட்டுக்கோழி உண்டு. மண்ணைக் குவித்து முட்டையைப் புதைத்துவிடும், அடைகாப்பதே இல்லை" என்று எழுதியிருந்தார்.

"தாய் அடைகாக்காத முட்டை பொரிக்குமாடா?" என்று நகைத்தார் அப்பாயி.

பெரியப்பா பொய் எழுதவில்லை என்பதைப் பின்னர் நூல்களிற் கற்றேன். அப்பறவை நிக்கோபார் மெகபோட். கிரேக்க மொழியில் அச்சொற்குப் 'பெருங்கால்' என்பது பொருள். பெயருக்கேற்ப அதன் வாழ்வெல்லாம் காலிலேதான். சிறகிருந்தும் அருமையாகவே பறக்கும். ஆபத்து நேரின் புதருக்குள் ஓடியொளியும். நிக்கோபாரையன்றி உலகில் வேறெங்கும் அதற்கு வாழிடம் இல்லை.

கடலோரக் காட்டிலே மணலையும் பவளத்துகளையும் இலைச்சருகையும் காலாற் கிளறிக் குவித்து அது மேடு கட்டும். சருகு மட்குகையில் எழும் வெப்பமே அடைகாக்கும் தாய். இரண்டு திங்களுக்கு மேற் சென்றபின், இறகு முளைத்த குஞ்சு தானே மண்ணைக் கிண்டி வெளிவந்து, ஊட்டுவாரை நாடாது தன்வழி செல்லும். ஒரே மேட்டைப் பல சோடிகள் ஆண்டுக்கணக்கிற் பயன்படுத்துவதும் உண்டு.

கரையே அதற்கு வாழ்வு. கரையே அதற்குக் கேடுமாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரைகளை வாரிச் சென்றது. கச்சாலில் மாந்தர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பெரியப்பாவின் மக்களிடமிருந்து அதன்பின் எமக்கு ஒரு செய்தியும் வரவில்லை. 1990களில் இருந்த மெகபோட் பறவைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது.

எஞ்சியவற்றுக்கும் இப்போது சோதனை வந்துள்ளது. பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவிற் பெருந்துறைமுகம் அமைக்கும் பொருட்டு, அங்கிருந்த சரணாலயம் 2021இல் நீக்கப்பட்டது. 2022இல் அத்திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. மெகபோட்டுக்கு மென்சால் என்னும் சிறு தீவை ஒதுக்கியுள்ளனர்.

"உமக்கு வேறிடம் ஒதுக்கியிருக்கிறோம்" என்னும் சொல்லின் பொருளை மலையகத்தார்க்கு யாரும் உரைவகுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எம்மவர்க்கும் அவ்வாறே பட்டியலில் இடம் குறிக்கப்பட்டது. ஆயினும் மனிதன் கடிதமாவது எழுதுவான். பறவை எவ்வாறு எழுதும்?

அப்பாயி இன்று இல்லை. இருந்தால் அன்றைய வினாவுக்கு இவ்வாறு விடை கூறுவேன்: "தாய் அடைகாக்காத முட்டையும் பொரிக்கும், அப்பாயி. ஆனால் அதற்கு அந்த மண் வேண்டும்."