தயிரில் உள்ள சர்க்கரையும் தயிரோடு சேரும் சர்க்கரையும்

சோற்றைக் குறைக்க முடிவெடுத்தவர்களை அடுத்துக் குழப்புவது தயிர். பாலில் சர்க்கரை உண்டு, ஆகவே தயிரும் ஆகாது என்று ஒதுக்குகிறது ஒரு தரப்பு. உறை ஊற்றியதும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அடித்துச் சொல்கிறது இன்னொரு தரப்பு. பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று எந்தப் பெயரில் மாவுச்சத்தைக் குறைத்தாலும் இந்த இரண்டு பேச்சும் காதில் விழும். கிராம் கணக்கில் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. வெறும் தயிரில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் குறைவு. நுண்ணுயிர்கள் அதைக் குறைக்கின்றன, ஆனால் கொஞ்சம்தான். மாவுச்சத்துக் கணக்கைப் புரட்டிப் போடுவது உறை ஊற்றிய பிறகு தயிரோடு நாம் சேர்ப்பதும், அதிலிருந்து வடிப்பதும்தான்.

100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கிறது. யோகர்ட் தயாரிக்கப் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் ஆகிய இரண்டு நுண்ணுயிர்களும் லாக்டோஸைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக உடைக்கின்றன. பெரும்பாலும் குளுக்கோஸை மட்டும் எடுத்துக்கொண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன; காலக்டோஸ் தயிரிலேயே தங்கிவிடுகிறது. அமிலம் ஏறும்போது பாலின் கேசின் புரதம் திரண்டு தயிர் உறைகிறது. அதே அமிலம் மேலும் ஏறினால் நுண்ணுயிர்களின் வேகமும் குறைகிறது. அதனால் வழக்கமாக உறையும் தயிரில் லாக்டோஸில் 20 முதல் 30 விழுக்காடு வரைதான் கரைகிறது. மீதி அப்படியே இருக்கிறது.

ஒரு கப் தயிரில் 4 கிராம் மாவுச்சத்துதான் என்று அமெரிக்க லோ கார்ப் ஆர்வலர்களிடையே நெடுநாளாக உலவும் கூற்று எங்கிருந்து வந்தது? உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் மாவுச்சத்து பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றை அளந்து, மொத்த எடையிலிருந்து கழித்து, மிஞ்சுவதை மாவுச்சத்து என்று எழுதுகிறார்கள். இந்தக் கழித்தல் கணக்கில் லாக்டிக் அமிலமும் மாவுச்சத்தாகவே பதிவாகிறது. ஆகவே தயிர்ப் பொட்டலத்தின் எண் உண்மையைவிடச் சற்று அதிகம் என்பது சரிதான். எவ்வளவு அதிகம் என்பதில்தான் கூற்று சறுக்குகிறது. சாதாரணத் தயிரில் லாக்டிக் அமிலம் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 245 கிராம் கொண்ட ஒரு கப்பில் 11.5 கிராம் மாவுச்சத்து என்று அச்சிட்டிருந்தால், அதில் இரண்டரை கிராம் அளவு கழியும். 9 கிராம் மிஞ்சும். அது 4 கிராமாக வேண்டுமென்றால் அமிலம் 3 விழுக்காட்டைத் தொட வேண்டும். நாக்கு தாங்கும் புளிப்பு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். தயிரை ஒரு நாள் கூடுதலாகப் புளிக்கவிட்டால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகையை நம்பி இரட்டைப் பங்கு சாப்பிட்டால் நட்டம்தான்.

அடுத்த கேள்வி எந்தப் பால் என்பது. கொழுப்பை நீக்கிய பாலே உடலுக்கு நல்லது என்ற எண்ணத்தில் மாவுச்சத்தும் அதில் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். லாக்டோஸ் பாலின் நீரில் கரைந்திருக்கிறது, கொழுப்பில் அல்ல. கொழுப்பை எடுத்தால் சர்க்கரை போவதில்லை. நம் தரநிர்ணயப்படி டோன்டு பாலில் 3 விழுக்காடு கொழுப்பும் 8.5 விழுக்காடு கொழுப்பில்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும். டபுள் டோன்டு பாலில் கொழுப்பு 1.5 விழுக்காடாகக் குறைகிறது, திடப்பொருளோ 9 விழுக்காடாக உயர்கிறது. லாக்டோஸ் அந்தத் திடப்பொருளில் அடக்கம். கடைகளில் விற்கும் கொழுப்பில்லா யோகர்ட்டில் கெட்டித்தன்மைக்காகப் பால் பவுடர் சேர்ப்பதும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் முழுக் கொழுப்புள்ள வெறும் யோகர்ட்டில் 100 கிராமுக்கு 4.7 கிராம் மாவுச்சத்து, கொழுப்பில்லாததில் 7.7 கிராம். மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவர் கொழுப்பில்லாததைத் தேடிப் போவது எதிர்த்திசைப் பயணம்.

சர்க்கரையை உண்மையிலேயே குறைக்கும் வழி வீட்டிலேயே இருக்கிறது. தயிரை மெல்லிய துணியில் கட்டி சில மணி நேரம் தொங்கவிட்டால் நீர் வடிகிறது. வடியும் நீரோடு லாக்டோஸும் போகிறது, புரதம் துணிக்குள் தங்குகிறது. கிரீக் யோகர்ட் என்பது இப்படி வடித்த தயிர்தான். அதே பட்டியலில் முழுக் கொழுப்புள்ள கிரீக் யோகர்ட்டுக்கு மாவுச்சத்து 4 கிராம், புரதம் 9 கிராம்; வடிக்காத யோகர்ட்டில் புரதம் மூன்றரை கிராம்தான். எடைக்கு எடை பார்த்தால் மாவுச்சத்தில் மிச்சமாவது சொற்பம், புரதத்தில் கிடைப்பதோ இரண்டரை மடங்கு. இந்தக் கெட்டித் தயிரில் உப்பு, மிளகு, பொடியாக நறுக்கிய புதினா கலந்து வெள்ளரித் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிட்டால் மாலை நேர வடைக்கும் பஜ்ஜிக்கும் மாற்றாகிவிடும். வடிந்த நீரைக் குழம்பில் ஊற்றினால் மட்டும், வெளியேற்றிய சர்க்கரை வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும்.

கடை அலமாரியில் கவனிக்க வேண்டியது வேறு. பழச்சுவை யோகர்ட்டுகளில் 100 கிராமுக்கு 12 முதல் 19 கிராம் வரை மாவுச்சத்து இருப்பது சாதாரணம். வெறும் தயிரைக் கழித்தால் மீதியில் பெரும்பங்கு சேர்த்த சர்க்கரை. பொட்டலத்தின் பின்புறம் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். சேர்த்த சர்க்கரை சுழியம், சேர்பொருள் பட்டியலில் பாலும் உறையும் மட்டும் என்றால் அதை வாங்கலாம். ஸ்டார்ச், பால் பவுடர் என்று பட்டியல் நீண்டால், முன்பக்கத்தில் கிரீக் என்று போட்டிருந்தாலும் எண்ணைப் பார்த்துவிட்டே எடுக்க வேண்டும்.

நம் சாப்பாட்டில் பெரிய எண் தயிர்சாதத்தில் இருக்கிறது. 200 கிராம் சோற்றில் 55 கிராம் அளவு மாவுச்சத்து. அதில் பிசையும் 100 கிராம் தயிரில் 5 கிராம். தயிரைக் குறைத்துச் சோற்றை விட்டுவைப்பவர் பன்னிரண்டில் ஒரு பங்கோடு மல்லுக்கட்டுகிறார். தயிர் சேர்ந்தால் சோறு ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைச் சோற்றோடு பால் பொருட்களோ வினிகர் சேர்ந்த உணவோ சாப்பிட்டபோது அதன் கிளைசீமிக் குறியீடு 20 முதல் 40 விழுக்காடு வரை குறைந்தது. ஆனால் குறியீடு குறைவதால் சோற்றின் கிராம் குறைவதில்லை. விகிதத்தைத் திருப்பிப் போடுவதுதான் வழி: வாழைத்தண்டு, வெள்ளரி, கீரை போட்ட பச்சடியாகத் தயிர் முன்னே வரட்டும், சோறு ஒரு கரண்டியோடு நிற்கட்டும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப்போட்ட நீர்மோர் ஒரு டம்ளரில் 2, 3 கிராமுக்கு மேல் போகாது.

இன்னொரு எதிர்வாதம் இன்சுலின் பற்றியது. சுவீடனில் எலின் ஓஸ்ட்மன் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், பால் பொருட்களின் கிளைசீமிக் குறியீடு 15 முதல் 30 வரை மட்டுமே இருந்தது. இன்சுலின் குறியீடோ 90ஐத் தாண்டியது. இது உண்மைதான், பால் புரதங்கள் இன்சுலினைத் தூண்டுகின்றன. ஆனால் சாப்பிட்டவுடன் எழும் இன்சுலினை மட்டும் வைத்து நீண்டகால விளைவைத் தீர்மானிக்க முடியாது. 2014இல் வெளியான அமெரிக்க ஹார்வர்டு ஆய்வில், தினமும் யோகர்ட் சாப்பிடுவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவு 18 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. சென்னையில் இயங்கும் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய இந்திய அளவிலான ஆய்வு, நம் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது. மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டு அளவு மாவுச்சத்தைத் தாவரப் புரதத்துக்கோ பால் புரதத்துக்கோ மாற்றினால் நீரிழிவு அபாயம் குறைவதோடு தொடர்பு இருப்பதாகவும் 2025இல் அறிவித்தது. இவை கண்காணிப்பு ஆய்வுகள். தயிர்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. தயிர் கெடுதல் என்ற வாதத்துக்கு எதிராக நிற்கின்றன என்ற அளவில் போதுமானவை.

எவ்வளவு என்பது அவரவர் இலக்கைப் பொறுத்தது. நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்தில் நிற்கும் கீட்டோகாரருக்கு 200 கிராம் தயிரே பாதிப் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அவருக்கு வடித்த தயிரும் சிறு கிண்ணமும் பொருந்தும். 100 கிராமுக்குக் குறையாமல் வைத்திருப்பவர் தினம் ஒரு கப் வெறும் தயிரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். கெட்ட கொழுப்பு அதிகமுள்ளவர் டோன்டு பால் தயிரையே தேர்ந்தாலும் மாவுச்சத்தில் பெரிய நட்டமில்லை. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் சர்க்கரை ஆபத்தாகத் தாழும்.