கடலில் நின்று படை நடத்திய கர்னல்

பசிபிக் கடலில் தாராவா என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் ஒரு சிறு தீவு பெஷியோ. நீளம் சுமார் 2 மைல்; அகலம் அரை மைல்கூட இல்லை. 1943 நவம்பர் 20-ந் தேதி, ஜப்பானியர் வசமிருந்த இத்தீவைப் பிடிக்க அமெரிக்கப் படை வந்தது.

படகுகள் தட்டின

சங்கிலிச் சக்கர வண்டிகளில் வந்த முதல் 3 அணிகள் பவளப் பாறையைத் தாண்டின. பின்னால் வந்த படகுகளோ பாறையில் தட்டி நின்றன. காரணம், கடல் நீர் போதிய அளவு ஏறவில்லை! வீரர்கள் தண்ணீரில் குதித்து, குண்டு மழையில் 500 கஜத்துக்கு மேல் நடந்தார்கள். பலர் கரை சேரவில்லை.

கர்னல் ஷூப்

கரையில் படை நடத்தும் பொறுப்பு கர்னல் டேவிட் ஷூப்புடையது. வயது 38. காலில் காயம். ஆனாலும் அவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. தண்ணீரில் நின்றே உத்தரவிட்டார். பிறகு கரையேறி, ஒரு பதுங்கு அறையின் சுவரோரம் முகாமிட்டார். அறைக்குள்ளே ஜப்பானியர் இன்னும் இருந்தார்கள்!

76 மணி நேரத்தில் தீவு வீழ்ந்தது. அமெரிக்கர் சுமார் ஆயிரம் பேர் மாண்டனர். ஜப்பானியப் போர்வீரர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் 17 பேரே.

அதன் பிறகுதான், படை இறங்குமுன் கடலடியை ஆராய நீச்சல் வீரர் குழுக்கள் அமைந்தன. துணிவு தீவை வென்றது. தண்ணீரை முன்பே அளந்திருந்தால், எத்தனையோ தாய்மார்களுக்கு மகன் திரும்பியிருப்பான்.