சிவப்பு விளக்கு தெரியாதவருக்கு ஒரு ரெக்கார்டர்

ரெக்கார்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் மைக்கின் தரத்தைச் சொல்வார். அடுத்து, எத்தனை மணி நேரம் பதியும் என்பார். பார்வையற்ற நமக்கு இவை பிறகு கேட்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது இது பதிந்துகொண்டிருக்கிறதா, இல்லையா? கண் தெரிந்தவருக்குச் சிவப்பு விளக்கு சொல்லிவிடும். நம் விரலுக்கோ காதுக்கோ அதைச் சொல்லத் தெரியாத கருவி எவ்வளவு இனிமையாகப் பதிந்தாலும் நமக்கு உதவாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டாஸ்காம் டிஆர்-05 போன்ற கருவிகளில் பதிவுப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்காது. தயார் நிலைக்குப் போய் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும். இன்னொரு முறை அழுத்தினால்தான் பதியும். ஹெட்போனை மாட்டிக் கேட்டாலும் ஏமாறுவோம். தயார் நிலையிலேயே மைக்கில் விழும் ஒலியெல்லாம் காதில் வந்துகொண்டிருக்கும். கச்சேரி முழுக்க அருமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்பே இருக்காது. எனவே கடையில் கையில் வாங்கியதும், பட்டனை எத்தனை முறை அழுத்தினால் பதிகிறது என்பதைப் பார்வையுள்ள ஒருவரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே அழுத்தில் தொடங்கி, தனிப் பட்டனில் நிற்கும் கருவி நல்லது. ஒரே பட்டன் தொடங்கவும் நிறுத்தவும் செய்தால், எந்த நிலையில் இருக்கிறோம் என்ற குழப்பம் விடாது.

அமைப்புகளை மாற்றுவதற்குப் பட்டனைவிடத் தள்ளு ஸ்விட்ச் மேல். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். ஜூம் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த எச்1 என்ற சிறிய கருவி இப்படித்தான் இருந்தது. முதுகில் மூன்று ஸ்விட்ச்கள்: காற்றிரைச்சலைக் குறைக்க ஒன்று, ஒலியளவைக் கருவியே பார்த்துக்கொள்ள ஒன்று, வேவ் கோப்பா எம்பி3 கோப்பா என்பதற்கு ஒன்று. பேசும் மெனு கிடையாது; மெனுவே ஏறக்குறைய கிடையாது என்பதால் அது தேவைப்படவும் இல்லை. 2018-இல் அதற்கு அடுத்து வந்த எச்1என் அந்த ஸ்விட்ச்களை எடுத்துவிட்டு, திரையைப் பார்த்து அழுத்தும் பட்டன்களாக்கியது. விற்பனையாளர்கள் அதை முன்னேற்றம் என்றார்கள். நமக்கு அது பின்னடைவு.

பேசும் கருவிகளுக்கு வருவோம். ஒலிம்பஸின் டிஎம் வரிசைக் கருவிகள் பல ஆண்டுகளாக மெனுவை வாசித்துச் சொல்லி வந்தன. பார்வையற்றோர் பலர் அவற்றையே நம்பியிருந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் தேடினால் அவை கிடைப்பது அரிது. கனடாவின் ஹியூமன்வேர் தயாரிக்கும் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் நமக்காகவே செய்யப்பட்டது. எல்லாவற்றையும் பேசும், எல்லாப் பட்டனும் கைக்குத் தெரியும். ஆனால் அது அடிப்படையில் நூல் கேட்கும் கருவி. குறிப்பு பேசி வைக்கலாம், பாட்டுப் பதிய அதை நம்பி வாங்காதீர்கள்.

2024-இல் ஜூம் மூன்று புதிய கருவிகளை வெளியிட்டது: எச்1, எச்4, எச்6 எசென்ஷியல். மூன்றும் மெனுவைப் பேசிக் காட்டுகின்றன. பொதுச் சந்தைக்கான ரெக்கார்டரில் இது பெரிய விஷயம்தான். என்றாலும், நமக்கு அதிகம் பயன்படுவது அந்தக் குரல் அல்ல என்பேன். அவற்றில் உள்ள 32-பிட் ஃப்ளோட் பதிவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். வழக்கமான 16 அல்லது 24-பிட் ரெக்கார்டரில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சீராக்க முடியாது. பயந்து ஒலியளவைத் தாழ்த்தி வைத்தால், பின்னர் கூட்டும்போது இரைச்சலும் கூடவே ஏறி வரும். அதனால்தான் ஒலிப்பதிவாளர்கள் திரையில் ஏறியிறங்கும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மெனுவைக் குரல் வாசித்துவிடும். நொடிக்கு நொடி துள்ளும் மீட்டரை எந்தக் குரலால் வாசிக்க முடியும்? அப்படி வாசித்தாலும் அது பேசி முடிப்பதற்குள் பாட்டு வேறெங்கோ போயிருக்கும். இந்த ஒரு வேலைக்குத்தான் இத்தனை காலம் பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார்.

32-பிட் ஃப்ளோட் கருவிகளில் மெல்லிய ஒலிக்கு ஒன்றும் பலத்த ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு மாற்றிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே கோப்பில் சேதமில்லாமல் அடங்கும். எச்1 எசென்ஷியலில் பதிவு அளவைத் திருகும் வேலையே இல்லை. வைத்து, அழுத்தி, விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்து கணினியில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். என்விடிஏ திரைவாசிப்பானும், ஓசாரா நீட்சி சேர்த்த ரீப்பர் மென்பொருளும் இருந்தால் இந்த வேலை முழுவதையும் நாமே செய்யலாம். மீட்டர் நமக்குப் புரியும்படி பேசக் கற்றுக்கொள்ளவில்லை. அதன் தேவையே ஒழிந்துவிட்டது.

எல்லை இதற்கும் உண்டு. கோப்பில் இடமிருந்தாலும் மைக் திணறலாம். எச்1 எசென்ஷியலின் மைக் 120 டெசிபல் வரை தாங்கும். தவிலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு ஃப்ளோட் காப்பாற்றும் என்று இருக்கக் கூடாது. நாகஸ்வரக் கோஷ்டி என்றால் நன்றாகத் தள்ளி உட்காருங்கள்.

இன்னொன்று கோப்பின் பருமன். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 32-பிட் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி இடம் பிடிக்கும். அதே நேரம் 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் 60 எம்பி கூட ஆகாது. எச்1 எசென்ஷியலில் எம்பி3 பதிவு கிடையாது. வகுப்பைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப நினைக்கும் கல்லூரி மாணவருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அந்த மாணவருக்குக் கையிலிருக்கும் செல்லே போதும். ஆண்ட்ராய்டு செல்லின் திரைவாசிப்பானான டாக்பேக் தமிழிலேயே பேசும். ஐபோனில் குரல் குறிப்புச் செயலியைத் திறந்து இரண்டு விரலால் இருமுறை தட்டினால் பதிவு தொடங்கும், மீண்டும் தட்டினால் நிற்கும். தொல்லை என்னவென்றால், திரைவாசிப்பானின் குரலும் பதிவில் புகுந்துவிடும். நடுவில் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்கும். ஒரு காதில் இயர்போன் மாட்டி, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ரெக்கார்டரே வேண்டும் என்று முடிவு செய்தால் சில சில்லறை விஷயங்களையும் கையால் தடவிப் பாருங்கள். பேட்டரியை நாமே மாற்ற முடிகிறதா? பென்சில் பேட்டரி என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தட்டை முனை ஸ்பிரிங் பக்கம், அவ்வளவுதான் கணக்கு. மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றாமல் யூஎஸ்பி கம்பியில் கோப்பை எடுக்க முடிந்தால் நிம்மதி. நகம் அளவுள்ள அந்தக் கார்டு பேருந்தில் கை தவறினால் தேடுவது யார்? பட்டன்கள் ஒன்றுபோல வழவழப்பாக இருந்தால், பதிவுப் பட்டன்மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். பட்டனைத் தேடி விரல் மேயும் சத்தமும் பதிவாகும் என்பதால் கருவியைக் கையில் பிடிக்காமல் சின்ன முக்காலியில் நிறுத்துவது நல்லது.

மெனு பேசாத கருவி என்றால் பட்டியலின் கடைசி வரிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கேயே நின்றுவிட்டால் மேலிருந்து எண்ணி மனப்பாடம் செய்யலாம். சுற்றி மறுபடி முதல் வரிக்கு வந்தால் எண்ணிக்கை தொலைந்துபோகும். அழிக்கும் வேலையைக் கருவியில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். கணினியில் கோப்பின் பெயரைக் கேட்டு அழியுங்கள். பல கருவிகளில் பெயர் தேதியும் நேரமுமாக இருக்கும். பேட்டரி இல்லாமல் நெடுநாள் கிடந்த கருவி தேதியை மறந்துவிடும். அப்போது பெயர்களும் குழம்பும், அதைச் சரிசெய்யத் திரை பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைக்க நேரும்.

ஜூம் கருவிகள் தமிழில் பேசுவதில்லை. ஆங்கிலம் பழகியவருக்கு இது பொருட்டில்லை. பழைய பாட்டுகளைப் பாடிப் பதிந்து வைக்க ஆசைப்படும், ஆங்கிலம் தெரியாத தாத்தாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால், யாரிடமாவது பயன்படுத்திய பழைய எச்1 கிடைக்குமா என்று விசாரியுங்கள். முதுகு ஸ்விட்ச்களை ஒருமுறை சரியாக வைத்துக் கொடுத்துவிட்டால் அவர் தொட வேண்டியது பவர் ஸ்விட்சும் பதிவுப் பட்டனும்தான்; தொடங்கவும் நிறுத்தவும் அதே பட்டன் என்ற குறை மட்டும் மிஞ்சும்.